வெறுமனே திருப்பித் தர வேண்டிய பாட்டில்

திருச்சிக்கு வந்த விமானத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர். வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார், மகளின் காதுகுத்துக்காக வருகிறார். "தம்பி எதுக்கு வாரீங்க?" என்று கேட்டார். ஒரு சின்ன பாட்டில் ஏன் அழுக்காக இருந்தது என்று விசாரிக்க இத்தனை தூரம் வருகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சும்மாதாண்ணே, ஊர்ப்பக்கம்" என்றேன். பயணத்தின் முதல் பேச்சே பொய்யாகப் போயிற்று.

என்னுடன் மார்த்தா வந்திருந்தார். நான் வேலை பார்க்கும் குளிர் நாட்டில், எங்கள் ஆய்வுக்கூடத்து டிடெக்டரைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஜன்னலோரம் உட்கார்ந்து, மேகத்தில்கூட ஏதோ கோளாறு தேடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அழுக்குப் பாட்டில் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத மண்ணில் இரும்பு துரு நிலையிலிருந்து மாறித் தண்ணீரில் கரையும். அதைத்தான் வேர் குடிக்கிறது. எந்த நிலையில், எவ்வளவு கரைகிறது என்பது எங்கள் கேள்வி. அதற்காக வல்லத்திராக்கோட்டையில் அடைக்கலம் என்கிற விவசாயியின் வயலில் வேருக்கடித் தண்ணீரை எடுத்தோம். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை உறையவைத்து, அதன்மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சுவோம். ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரே வேறு. இது மென்மையானது, சாதாரணக் காற்றையே தாண்டத் திணறும். அது பட்டதும் சொட்டில் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியைத் திருப்பி உமிழும். இரும்புக்கு ஓர் ஒளி, ஆக்சிஜனுக்கு ஓர் ஒளி.

சிக்கல் என்னவென்றால், சொட்டு முழுக்கத் தண்ணீர். ஆக்சிஜனின் ஒளி கொட்டித் தீர்க்கும், இரும்பின் ஒளி எப்போதாவது ஒன்று வரும். தேரோட்டத்தில் மேளமும் ரேடியோ செட்டும் சேர்ந்து முழங்கும்போது தொலைந்துபோன சொந்தப் பிள்ளையின் அழுகையைப் பிரித்துக் கேட்கிற வேலை இது. சாதாரண டிடெக்டருக்கு இரண்டும் ஒரே இரைச்சல்தான். எங்களுடையது மீக்கடத்தி டிடெக்டர். சில உலோகங்களைக் கடுமையாகக் குளிரவைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், அதுதான் மீக்கடத்தி. அந்த உலோகத்தை மெல்லிய ஏடாக்கி, தடை மறையவும் வரவும் போகிற அந்த விளிம்பிலேயே நிறுத்தி வைத்திருப்போம். விசிலடிக்கத் தயாராக இருக்கும் குக்கர் மாதிரி. ஒற்றை ஒளித்துகளின் சூடு பட்டாலும் போதும், தடை துள்ளும். எவ்வளவு துள்ளியது என்பதை வைத்து, வந்தது இரும்பா ஆக்சிஜனா என்று சொல்லிவிடலாம். விண்வெளியைவிடக் குளிரான இடத்தில் அதை உட்காரவைத்துக் காவல் காப்பது மார்த்தாவின் வேலை.

இவ்வளவு கூர்மையான கருவிக்கு நம் கைத்தூசுகூட ஒரு செய்திதான். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு வெறும் பாட்டிலையும் வயலுக்கு அனுப்புவோம். அதில் எதையும் பிடிக்கக் கூடாது. வயலில் ஒரு தடவை திறந்து, மூடி, அப்படியே கொண்டுவர வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதில் தூய நீர் ஊற்றி, அதையும் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்போம். அதில் என்ன தெரிகிறதோ அது வழியில் ஒட்டிய அழுக்கு. அதை மற்றக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஒன்றும் தெரியாவிட்டால் நிம்மதி.

போன போகத்தில் பாட்டில்களை அடைக்கலம் வீட்டில் கொடுத்து, எப்படி எடுக்க வேண்டும் என்று செய்து காட்டிவிட்டு, கீரமங்கலத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டேன். அவரும் அவர் மனைவி சிவகாமியும் விடியற்காலையில் எடுத்து வைத்திருந்தார்கள். மறுநாள் போய் வாங்கிக்கொண்டேன். வெளிச்சம் பட்டால் இரும்பின் நிலை மாறிவிடும் என்பதால் எல்லாம் கரும்பழுப்பு பாட்டில்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் வெறும் பாட்டிலில் தூய நீரை ஊற்றியது நான்தான். திறந்து உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வெறும் பாட்டிலில் பார்க்க என்ன இருக்கிறது?

பல மாதம் காத்திருந்து எக்ஸ்ரே கருவியில் எங்களுக்குக் கிடைத்த நாட்களில் ஓட்டினோம். வயல் தண்ணீரில் இரும்பு இருந்தது. வெறும் பாட்டிலிலும் இருந்தது, கிட்டத்தட்ட அதே அளவுக்கு. கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. அத்தனை பேரின் உழைப்பும் போயிற்று. கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர் என்னுடையது, பாட்டில் போனது என் கையால். அப்போது நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "எங்கள் கிராமங்களில் சுத்தம் என்பது கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். கிணற்றடியில் அலசி வைத்திருப்பார்கள்." 'எங்கள்' என்று சேர்த்துக்கொண்டதால் தன்னடக்கம் போலத் தொனித்தது. நாலு பேர் சிரித்தார்கள். மார்த்தா சிரிக்கவில்லை. மண்ணோ கிணற்றுத் தண்ணீரோ கலந்திருந்தால் இவ்வளவு கரி, அதாவது கார்பன், எப்படி வரும், இதில் இரும்போடு கரியும் கொட்டிக் கிடக்கிறதே என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறையும் வெறும் பாட்டில் கெட்டால் அந்த வயலை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. எங்களுக்கு உள்ளூரில் உதவும் கல்லூரிக்காரர் ஒருவர் அதையும், சுத்தம் போதாது என்ற பேச்சையும் அப்படியே அடைக்கலத்துக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார். போய்ப் பார்க்காமல் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று மார்த்தாதான் கிளம்பினார். அவர் கிளம்பியதால் நானும் கிளம்ப வேண்டியதாயிற்று.

திருச்சியில் இறங்கியதும் கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பாட்டில் எந்த வழியாகப் போனதோ அதே வழியாகத்தான் போக வேண்டும், அழுக்கு எங்கே ஏறியது என்று தெரிய வேண்டாமா என்றார் மார்த்தா. ஆக, புதுக்கோட்டை பஸ். புது பாட்டில்கள் இருந்த பெட்டியை இன்ஜின் பக்கத்தில் வைக்கச் சொன்ன கண்டக்டர், அதன்மேல் ஒரு வாழைத்தாரையும் சாய்த்து வைத்தார். மார்த்தா எழுந்து, வாழைத்தாரைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பின் சீட்டில் இரண்டு பெண்கள். "மருமகளா இருக்குமோ?" என்றார் ஒருவர். "வயசப் பாத்தா மாமியா மாதிரியில்ல இருக்கு" என்றார் மற்றவர். என்ன சொல்கிறார்கள் என்று மார்த்தா கேட்டார். பயணம் சுகமாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள் என்றேன். மார்த்தா திரும்பி அவர்களுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அந்தப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளனாக நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இந்த ஒரு சோறு பதம்.

புதுக்கோட்டையில் இறங்கிப் பரோட்டாவும், முட்டையை மசாலாவில் கொத்திப்போட்ட முட்டை மாஸும் சாப்பிட்டோம். மாஸின் காரத்தில் மார்த்தாவின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் விடாமல் சாப்பிட்டார். அவர் சால்னாவை முடிக்க முடிக்க, பரிமாறுகிறவர் கேட்காமலே ஊற்றிக்கொண்டிருந்தார். போதும் என்று கையைக் காட்டினார் மார்த்தா, காட்டிய கைக்கு ஓரமாக ஊற்றினார் அவர். நான் இருக்கும் நாட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வேண்டுமென்றால் கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். "இந்த ஊரில் எதையும் காலியாக விடமாட்டார்களா?" என்று மார்த்தா கேட்டார். வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் வீடு அறந்தாங்கியில். அறந்தாங்கி பஸ் வல்லத்திராக்கோட்டை வழியாகத்தான் போகும். நிறுத்தம் வந்தபோது மார்த்தா போனில் வரைபடத்தைப் பார்த்து, இதுதானே என்றார். நாளைக்கு வரலாம், இப்போது வெயில் என்றேன். அடைக்கலம் அண்ணனுக்கு எல்லாம் போனிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்பது தெரிந்த பிறகு, அந்த முகத்துக்கு நேரே போய் நிற்க இன்னொரு நாள் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். பஸ் நகர்ந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

வீட்டில் அம்மா மார்த்தாவுக்குத் தனியாகக் காரமில்லாமல் ஆணம், அதாவது குழம்பு, வைத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் அரைமணி நேரத்தில் மார்த்தா அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தா வளைகுடாவில் இருந்த நாளில் கொண்டுவந்த பெரிய பிளாஸ்க்கைத் திருகித் திருகிப் பார்த்து, வெற்றிடம் இன்னும் நன்றாக இருக்கிறது என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் புறப்படும்போது அம்மா ஓர் எவர்சில்வர் தூக்கை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். போன தடவை சிவகாமி அக்கா எனக்கு அவித்த கடலை போட்டுக் கொடுத்தனுப்பிய தூக்கு அது. "அந்த வீட்டுத் தூக்கு. மறக்காம குடுத்துரு" என்றார். கனமாக இருந்தது. திறந்தால் பேரீச்சம்பழம், மச்சான் வளைகுடாவிலிருந்து அனுப்பிய நல்ல ரகம். வழியில் சாப்பிட அம்மா வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று கண்டக்டர் சொன்னார். அடுத்த பஸ்ஸில் தொங்கக்கூட இடமில்லை. அதற்கு அடுத்தது வரவே இல்லை. எல்லோரும் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினோம். ஒரு பெரியவர் மார்த்தாவைப் பார்த்து, இந்த வெயிலுக்கு இவ்வளவு வெள்ளையாக இருந்தால் தாங்காது என்று கவலைப்பட்டார். நிழலில் நல்ல இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். பசி வந்தது. தூக்கைத் திறந்தேன். மார்த்தாவும் நானும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் நீட்டினோம். இப்படி ஒரு பேரீச்சம்பழத்தை வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றார் மார்த்தா. கொட்டைகளை ஓரமாகப் போட்டுவிட்டு, தூக்கை என் கைக்குட்டையால் பளிச்சென்று துடைத்து மூடினேன். சுத்த விஷயத்தில் நான் கறார்.

ஒருவழியாக வந்த இன்னொரு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது அடைக்கலம் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க தம்பி, வாங்கம்மா" என்றார். குரலில் குறை ஒன்றுமில்லை, முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நல்ல நாற்காலி மார்த்தாவுக்கு வந்தது. சிவகாமி அக்கா வெளியே வந்தார். தூக்கை நீட்டினேன். வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். "அம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மோர் இருந்தது.

"எங்களாலதான் கெட்டுப்போச்சாமே, தம்பி" என்றார் அடைக்கலம். அவர் அடக்கமாகத்தான் பேசினார். போன் வந்த அன்றைக்கு டீக்கடையில் வைத்துப் பேசியிருக்கிறார், பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்துவிட்டது. அதற்கு முன்பு, வெளிநாட்டு மெஷினில் வைத்துப் பார்க்கிறார்கள் என் வயல் தண்ணியை என்று அவரே அங்கே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அதே கடையில், என்ன அடைக்கலம், ஒன் வயத் தண்ணி அழுக்காமே என்று கேட்கிறார்களாம். ஒரு மாதமாக அந்தப் பக்கமே போவதில்லை என்றார். ஒரு கூட்டத்தை நாலு பேர் சிரிப்போடு தாண்டுவதற்காக நான் சொன்ன ஒரு வார்த்தை இங்கே ஒரு மனிதரின் டீயை நிறுத்தியிருந்தது.

"யாரு தம்பி அப்படிச் சொன்னது?" என்று கேட்டார்.

"அங்க… ஆபீஸ்லண்ணே" என்றேன். மார்த்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாதது அந்த நேரத்தில் எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக இப்போதும் கூசுகிறது.

பிறகு எடுத்த விதத்தை அப்படியே செய்து காட்டச் சொன்னோம். இருவரும் கை கழுவினார்கள். நான் கொடுத்த கையுறையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள், அதைப் போட்டுக்கொண்டார்கள். வரப்பில் செருப்பைக் கழற்றினார்கள். குழாயை இறக்கினார்கள், சிரிஞ்சில் உறிஞ்சினார்கள், பாட்டிலை வழிய வழிய நிரப்பி மூடினார்கள். மார்த்தா வயல் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மார்த்தா என்னிடம், வெறும் பாட்டிலை என்ன செய்தார்கள் என்று கேட்கவே இல்லையே என்றார். கேட்டேன்.

"அதையும் வயல்ல தொறந்து மூடுனோம். நீங்க சொன்ன மாதிரியே" என்றார் அடைக்கலம்.

"அதுல ஒண்ணும் ஊத்தலையே?"

"ஒண்ணும் ஊத்தலங்க."

சிவகாமி அக்கா முற்றத்துக் கொடியில் துணியை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த துணியை மறுபடியும் கொடியிலேயே போட்டார். "ஊத்தல தம்பி" என்றார். "நீங்க வந்து வாங்குறதுக்கு முன்னாடி பாத்தா எல்லாப் பாட்டிலும் நெறஞ்சிருந்துச்சு, அது ஒண்ணு மட்டும் மொட்டையா இருந்துச்சு. ஒருத்தங்க ஏனத்த வெறுமனே எப்பிடித் திருப்பிக் குடுக்குறது? ஒரு துளி நாட்டுச் சக்கரை போட்டு மூடுனேன்."

அடைக்கலம் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது. "கை படல தம்பி, கரண்டிலதான் போட்டேன்" என்றார் அக்கா. அவசரமாகச் சொன்னார்.

நாட்டுச் சர்க்கரையில் இரும்பு உண்டு, எல்லோருக்கும் தெரியும். கரியும் நிறையவே உண்டு, இனிப்பில் பாதிக்குப் பக்கம் கரிதான். மார்த்தா அன்றைக்குச் சொன்னது அதைத்தான். இவ்வளவு தெரிந்த எனக்கு அறந்தாங்கியில் எங்கள் வீட்டு அடுப்படி மட்டும் மறந்துபோயிருந்தது. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரம் எங்கள் வீட்டிலிருந்து சீனியோ அரிசியோ இல்லாமல் திரும்பியதில்லை. நோன்புக் கஞ்சி போன தூக்கு இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் வரும். கண்ணாடி பாட்டிலும் ஒரு பாத்திரம் என்று இவருக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. வெறுமனே கொடுங்கள் என்று சொன்னேனே தவிர ஏன் என்று சொல்லவில்லை. ஏன் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே நான் நினைக்கவில்லை.

மார்த்தா என் முழங்கையைத் தொட்டார். என்ன சொல்கிறார் அவர் என்று கேட்டார். இந்தத் தடவை மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இங்கே ஒருவருடைய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவது மரியாதை இல்லை, அதனால் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கிறார் என்றேன். மார்த்தா சிவகாமி அக்காவைப் பார்த்தார். மார்த்தாவின் முகம் மெல்ல மாறியது. பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்படியென்றால், நாம் இன்று காலையில் கொண்டுவந்த பாத்திரம்?"

சிவகாமி அக்கா மூடியைத் திறந்து பார்த்து மூடியது கண்முன்னே வந்தது. கைக்குட்டையால் நான் அதைத் துடைத்ததும்.

அன்று மாலை அறந்தாங்கியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "வழிக்குத் திங்கிறதுன்னா பையில போட்டுக் குடுத்துருப்பேன்ல. அவங்க தூக்குல எதுக்கு வைக்கிறேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி, மிச்சமிருந்த பழத்தையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டார். டப்பாவைத் திருப்பிக் கேட்காதே என்றார். மார்த்தா தன் பங்குக்கு, தன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சாக்லேட்டை அதன்மேல் வைத்தார்.

மூன்றாம் நாள் விடியலில் புது பாட்டில்களோடு வயலுக்குப் போனோம். டப்பாவைக் கொடுத்தபோது, "எதுக்குத் தம்பி இதெல்லாம்" என்று வாங்கிக்கொண்டார் சிவகாமி அக்கா. வெறும் பாட்டில் எதற்கு என்று இந்த முறை உட்கார்ந்து விளக்கினேன். வழியில் ஒட்டுகிற அழுக்கைக் காட்டிக்கொடுக்கத்தான் அது, அது வெறுமையாக வந்தால்தான் அண்ணன் வயல் சுத்தம் என்று நிரூபிக்க முடியும் என்றேன். அடைக்கலம் தலையாட்டினார். அவருக்கு அது நன்றாகவே பிடிபட்டது.

தண்ணீர் எடுத்து முடித்து, வயலோரத்து வீட்டு வாசலில் நிறைந்த பாட்டில்களை மார்த்தா பெட்டியில் அடுக்கினார். கடைசியில் அந்த ஒன்று அக்காவின் கையில் நின்றது. "இத இப்பிடியே குடுத்துரணுமா?" என்றார். ஆமாக்கா என்றேன். கொடுக்கவில்லை. வீட்டுக்குள் போனார். மார்த்தா பதறி எழுந்தார், நான் கையமர்த்தினேன். அக்கா ஒரு கையில் பாட்டிலும் இன்னொரு கையை மூடியபடியும் வந்தார். "கையைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். மூடிய கையைத் திறந்து என் உள்ளங்கையில் நாட்டுச் சர்க்கரையைக் கொட்டினார். மார்த்தாவின் கையிலும் கொஞ்சம். அதற்குப் பிறகுதான் பாட்டிலைத் தந்தார். "பாட்டில்லதான போடக் கூடாது?" என்றார்.

மார்த்தா உடனே வாயில் போட்டுக்கொண்டு, விரலையும் நக்கினார். அக்காவுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. அடைக்கலம் அண்ணனும் இளகிப்போய் என் தோளில் கை வைத்தார்.

"எவனோ வெள்ளக்காரன் தெரியாமச் சொன்னதுக்கு நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க? நம்மாளு ஒருத்தர் அங்க இருந்ததுனால நம்மள விட்டுக்குடுக்காமப் பேசிருப்பீங்க. அது போதும் எங்களுக்கு" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பஸ் வரும் நேரம்தான். அவர் என்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார், நானும் அடுத்த போகத்துக்கு வந்து கடலை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். உள்ளங்கையில் சர்க்கரை இருந்தது. அதை வாயில் போட முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

"வெள்ளக்காரன் யாரும் சொல்லலண்ணே" என்றேன். "நான்தான் சொன்னேன்."

தோளில் இருந்த கை இறங்கியது. அடித்து இறக்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்தார், மார்த்தாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"சொன்ன எடத்துலயே இதையும் சொல்லிருங்க தம்பி" என்றார். சரிண்ணே என்றேன். அவர் வரப்பில் இறங்கி நடந்துவிட்டார். 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை.

மார்த்தா பெட்டியை மூடினார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கை வியர்த்துச் சர்க்கரை ஈரமாகிப் பிசுபிசுத்தது. சிவகாமி அக்கா கணவர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"கரையுது பாருங்க" என்றார். "வாயில போடுங்க தம்பி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."